இருநூறு என்ற எண்ணும் அதற்காகக் காத்திருந்தவர்களும்

எச்.ஐ.வி. சிகிச்சையை எப்போது தொடங்க வேண்டும் என்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழின் பக்கங்களை முழுமையாக ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் ஊரையும் குறிப்பிடவில்லை. நீண்ட கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணனுக்கு 2005இல் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அப்போது அவருடைய சி.டி.4 (எதிர்ப்பாற்றல் அணுக்கள்) எண்ணிக்கை 260. "இன்னும் நேரம் இருக்கிறது, 200க்குக் கீழே வந்ததும் மாத்திரை தருகிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டில் ஒரு பணக்கார நாட்டில் இருந்த அவருடைய நண்பருக்கு 300 இருக்கும்போதே சிகிச்சை ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் இரண்டு ஆண்டுகளில் காசநோய் வந்து இறந்துபோனார். நண்பர் இன்றும் நலமாக இருக்கிறார். ஒரே கிருமிக்கு இரண்டு நாடுகளில் இரண்டு விதிகள் எப்படி வந்தன?

பதில்: உங்கள் கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உடலியல் காரணம் எதுவும் இல்லை. ஏழை நாட்டில் பிறந்தவரின் உடலில் இந்தக் கிருமி மெதுவாக வேலை செய்வதில்லை. காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் அது இன்னும் விரைவாகவே ஆளைச் சாய்க்கிறது. விதி இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம் பணம், மருந்தின் தரம், கையில் இருந்த சான்றுகளின் குறைவு ஆகிய மூன்றும்தான்.

சி.டி.4 என்பது நம் உடலின் எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் வெள்ளையணுக்களில் ஒரு வகை. நலமாக உள்ள ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். எச்.ஐ.வி. அவற்றைத்தான் அழிக்கிறது, எண்ணிக்கை 200க்குக் கீழே போகும்போது, சாதாரணமாக யாரையும் தொடாத பூஞ்சைகளும் கிருமிகளும்கூட உயிரைப் பறிக்கும் நிலை வந்துவிடுகிறது. ஆகவே 200 என்ற எண் ஆபத்தின் எல்லைக்கோடாகத்தான் முதலில் மருத்துவர்களின் மனத்தில் பதிந்தது. ஆபத்து எங்கே உச்சமடைகிறது என்பது ஒரு கேள்வி, மருந்தை எங்கே தொடங்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் பிழை புகுந்தது.

1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபோது, பணக்கார நாடுகளில் கிருமியைச் சீக்கிரமாகவும் பலமாகவும் தாக்க வேண்டும் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. அமெரிக்காவில் 500க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் மருந்து தரலாம் என்றார்கள். சில ஆண்டுகளில் பக்க விளைவுகள் தெரிய ஆரம்பித்தன. முகத்தில் கொழுப்பு கரைந்தது, இரத்தக் கொழுப்பு ஏறியது, ஒரு நாளைக்குக் கை நிறைய மாத்திரைகளை விழுங்க முடியாமல் பலர் பாதியில் நிறுத்தியதால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் தோன்றியது. எனவே 2001இல் அங்கேயும் பின்வாங்கினார்கள். 350க்குக் கீழே இறங்கும்போது தொடங்குவது பற்றி மருத்துவரும் நோயாளியும் கலந்து பேசலாம், 200க்குக் கீழே போனால் கட்டாயம் தொடங்க வேண்டும் என்ற நிலை வந்தது. உங்கள் அண்ணனின் நண்பருக்கு 300இல் மருந்து கிடைத்தது இப்படித்தான். அவருக்கு ஒரு மருத்துவரோடு உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தது.

அதே காலத்தில் ஏழை நாடுகளின் நிலை என்ன? 2000ஆம் ஆண்டில் ஒருவருக்கு ஓராண்டு மருந்துச் செலவு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே மூன்று மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகுதான், ஏழை நாடுகளில் சிகிச்சை என்ற பேச்சுக்கே இடம் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட முதல் வழிகாட்டுதலில், சி.டி.4 200க்குக் கீழே இருப்பவர்களுக்கும், எண்ணிக்கை எதுவானாலும் எய்ட்ஸ் நிலையை அடைந்துவிட்டவர்களுக்கும் மருந்து என்று எழுதியது. இந்தியாவில் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. மருந்து சிலருக்குத்தான் போதும், வாசலில் நிற்பவர்களோ பல மடங்கு. அந்த நிலையில் சாவின் விளிம்பில் இருப்பவருக்கு முதலில் கொடுப்பது என்ற முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது அதைச் சொன்ன விதத்தை. "மருந்து போதவில்லை, உங்களைவிட மோசமான நிலையில் உள்ளவருக்கு முதலில் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் அது உண்மை. "உங்களுக்கு இன்னும் மருந்து தேவையில்லை" என்று சொன்னது உண்மையல்ல. பங்கீட்டுக்காகப் போட்ட கோடு, நோயாளியிடம் வந்து சேரும்போது மருத்துவ உண்மையாக மாறிவிட்டது. மருந்து தேவையில்லை என்று கேட்டவர், நமக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகப் போய்விடுகிறார். மறுபடி வரும்போது இருமிக்கொண்டே வருகிறார்.

அந்த எண் எவ்வளவு நிலையற்றது என்பதையும் சொல்ல வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் இரத்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எடுத்த இரத்தம் 48 மணி நேரத்துக்குள் எந்திரத்துக்குப் போயாக வேண்டும். காலையில் எடுத்தால் ஓர் எண், மாலையில் எடுத்தால் வேறோர் எண். சளிக்காய்ச்சல் இருந்தால் இன்னும் குறைவு. அப்படி வந்த தாளில் 212 என்றிருந்தவர் திரும்பிப் போனார், 198 என்றிருந்தவர் மாத்திரையோடு வீட்டுக்குப் போனார். அந்த இருவருக்கும் இடையில் உடலளவில் எந்த வேறுபாடும் இல்லை. உங்கள் அண்ணனின் 260ஐ அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரோ நீங்களோ செய்த தவறு இதில் எதுவும் இல்லை.

கேள்வி: காத்திருப்பது கெடுதல் என்பது எப்போது உறுதியானது? முன்பே தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தார்களா?

பதில்: மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே தெரியாத காலம் ஒன்று இருந்தது. ஒரே மருந்தாக ஏ.இசட்.டி.யைச் சீக்கிரம் தொடங்குவதால் நிலைத்த பயன் இல்லை என்று பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் நடந்த கான்கார்ட் ஆய்வு 1994இல் காட்டியிருந்தது. அந்த நினைவு மருத்துவர்களிடம் நீண்ட நாள் இருந்தது. ஆனால் தெரியாததைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வுகள் தாமதமாக நடந்தன என்ற குற்றச்சாட்டு நியாயமானது.

முதல் அதிர்ச்சி 2006இல் வந்தது. ஸ்மார்ட் என்ற ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த 5,472 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் மருந்தைத் தொடர்ந்து எடுத்தார்கள்; மற்றொரு பிரிவினர் சி.டி.4 350க்கு மேல் இருக்கும்போது நிறுத்தி, 250க்குக் கீழே வந்ததும் மறுபடி தொடங்கினார்கள். பக்க விளைவுகள் குறையும் என்ற நல்லெண்ணத்தில் செய்தது. நடந்ததோ நேர்மாறு. விட்டுவிட்டு எடுத்தவர்களிடம் சாவும் நோயும் இரண்டரை மடங்கு அதிகம். அதைவிட யாரும் எதிர்பாராதது, இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய்களும் அவர்களிடமே கூடுதலாக வந்தன. மருந்து உடலைக் கெடுக்கும் என்று அஞ்சியிருந்தோம். கட்டுப்படுத்தாமல் விட்ட கிருமி அதைவிட மோசமாகக் கெடுக்கிறது, எண்ணிக்கை நன்றாக இருக்கும்போதே கெடுக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. 2007 இறுதியில் அமெரிக்க வழிகாட்டுதல் 350ஐ உறுதியான எல்லையாக்கியது, 2009 இறுதியில் 500 ஆக்கியது.

ஏழை நாடுகளைப் பொறுத்தவரை தீர்ப்பு எழுதிய ஆய்வு ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் நடந்தது. சி.டி.4 200க்கும் 350க்கும் இடையில் இருந்த 816 பேர், அதாவது உங்களில் முதலில் கடிதம் எழுதியவரின் அண்ணன் இருந்த அதே நிலையில் இருந்தவர்கள், இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு உடனே மருந்து. மற்றதற்கு அன்றைய உலக விதிப்படி 200க்கு இறங்கிய பிறகு மருந்து. 2009இல் கண்காணிப்புக் குழு கணக்குப் பார்த்தபோது, உடனே தொடங்கியவர்களில் 6 பேர் இறந்திருந்தார்கள், காத்திருந்தவர்களில் 23 பேர். காசநோய் ஒரு பக்கம் 18 பேருக்கு, மறுபக்கம் 36 பேருக்கு. ஆய்வை அத்துடன் நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் எல்லையை 350க்கு உயர்த்துவதாக அறிவித்தது.

இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஏதோ மோசமான சிகிச்சை அல்ல. அன்று உலகம் முழுவதும் ஏழை நாடுகளில் சரியான சிகிச்சை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது அதுதான். ஆய்வில் சேராத லட்சக்கணக்கானோருக்கும் அந்த விதிதான் நடந்துகொண்டிருந்தது, அவர்களுக்காகக் கணக்குப் பார்க்கும் குழு இல்லாமல்.

அதன் பிறகு படிகள் வேகமாக ஏறின. 2013இல் எல்லை 500. 2015இல் இரண்டு ஆய்வுகள் ஒரே கோடையில் வெளிவந்தன. ஸ்டார்ட் என்ற ஆய்வு 35 நாடுகளில் 4,685 பேரிடம், எல்லோருக்கும் சி.டி.4 500க்கு மேல் இருக்கும்போது நடந்தது. உடனே தொடங்கியவர்களில் 42 பேருக்கும், 350 வரை காத்திருந்தவர்களில் 96 பேருக்கும் கடுமையான நோயோ மரணமோ நேர்ந்தது. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் 2,056 பேரிடம் நடந்த டெம்ப்ரானோ ஆய்வு, உடனே தொடங்குவது கடும் நோயையும் மரணத்தையும் 44 சதவீதம் குறைக்கிறது என்று காட்டியது. 2015 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் எண்ணையே எடுத்துவிட்டது. எச்.ஐ.வி. இருக்கிறதா, மருந்து உண்டு. அவ்வளவுதான். தென்னாப்பிரிக்கா 2016 செப்டம்பரிலும் இந்தியா 2017 ஏப்ரலிலும் இந்த விதிக்கு வந்தன.

கேள்வி: அப்படியானால் பணக்கார நாடுகள் வழிகாட்டின, மற்றவை பின்னால் வந்தன என்று எடுத்துக்கொள்ளலாமா? என் கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறேன்.

பதில்: தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். மேலே சொன்ன ஹைட்டியையும் அபிஜானையும் பாருங்கள். குழந்தைகளுக்கு உடனே மருந்து தர வேண்டும் என்பதை நிறுவியது தென்னாப்பிரிக்காவில் நடந்த செர் ஆய்வு. பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கினால் குழந்தை மரணம் 76 சதவீதம் குறைகிறது என்று 2008இல் அது காட்டியது, அதே ஆண்டில் விதியும் மாறியது. ஒருவருக்கு மருந்து கொடுத்தால் அவருடைய துணைக்குத் தொற்று போவது பெருமளவு குறைகிறது என்பதை நிறுவிய எச்.பி.டி.என். 052 ஆய்வில் 9 நாடுகளின் 1,763 தம்பதிகள் இருந்தார்கள். போட்ஸ்வானா, மலாவி, கென்யா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, பிரேசில், தாய்லாந்து ஆகியவற்றோடு இந்தியாவில் சென்னையும் புனேயும் அந்த ஆய்வின் களங்கள். ஒருவரிடமிருந்து அவருடைய துணைக்கே சென்றது என்று மரபணு ஒப்பீட்டில் உறுதியான 28 தொற்றுகளில் 27 தாமதமாகத் தொடங்கியவர்களிடம், ஒன்றே ஒன்று உடனே தொடங்கியவர்களிடம். 2011இல் வெளியான அந்த முடிவு உலகத்தின் நோக்கையே மாற்றியது.

மலாவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு சி.டி.4 பார்த்து, 350க்கு மேல் இருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் மருந்து, கீழே இருந்தால் வாழ்நாள் முழுவதும் மருந்து என்பதுதான் உலக விதி. மலாவியின் கிராமப்புற மையங்களில் சி.டி.4 எந்திரமே இல்லை. இரத்தத்தைத் தொலைவுக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் பிரசவமே முடிந்துவிடும். அதனால் அந்த நாடு 2011இல், எண்ணைப் பார்க்காமலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் சிகிச்சை என்று முடிவெடுத்தது. இல்லாமையிலிருந்து பிறந்த முடிவு அது. இரண்டு ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனம் அதையே பரிந்துரைத்தது. அமெரிக்கா எல்லோருக்கும் மருந்து என்று சொன்னது 2012இல். பிரேசில் 2013 இறுதியில். பிரிட்டனோ 2015 வரை 350லேயே நின்றது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று இரண்டு வரிசையாக இதை எழுதினால் நடந்தது விளங்காது.

கேள்வி: எல்லோருக்கும் உடனே என்கிறீர்கள். என் உறவினர் மூளைக்காய்ச்சலோடு அனுமதிக்கப்பட்டபோது, எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தும் மருத்துவர் ஐந்து வாரம் கழித்துத்தான் மருந்தைத் தொடங்கினார். அது தவறா?

பதில்: அவர் செய்தது சரி. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் மூளைச்சவ்வு அழற்சி வந்தவர்களிடம் உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த கோட் ஆய்வில், ஓரிரு வாரங்களில் எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கியவர்களில் 45 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்தவர்களில் 30 சதவீதம். மருந்து கொடுத்ததும் எதிர்ப்பாற்றல் திடீரென்று விழித்துக்கொண்டு, மூளைக்குள் இருக்கும் பூஞ்சையின் மீது பாய்கிறது. மூடிய மண்டையோட்டுக்குள் அந்தப் போரில் மூளையே வீங்கிவிடுகிறது. எனவே முதலில் பூஞ்சைக்கு மருந்து, நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து எச்.ஐ.விக்கு மருந்து. மூளையைத் தாக்கும் காசநோயிலும் இதே எச்சரிக்கை உண்டு. நுரையீரல் காசநோய் அப்படியல்ல. கம்போடியாவில் 661 பேரிடம் நடந்த ஆய்வில், காசநோய் மருந்து தொடங்கி இரண்டே வாரத்தில் எச்.ஐ.வி. மருந்தையும் தொடங்கியவர்களில் 59 பேரும், எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 90 பேரும் இறந்தார்கள்.

கேள்வி: இன்று எல்லா நாட்டிலும் ஒரே விதி, மருந்தும் மலிவு. பிறகும் ஏன் இத்தனை பேர் இறக்கிறார்கள்? நான் செவிலியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பலர் எலும்பும் தோலுமாகத்தான் இன்றும் வருகிறார்கள்.

பதில்: உங்கள் வார்டில் நீங்கள் பார்ப்பதைத்தான் புள்ளிவிவரமும் சொல்கிறது. 2006இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஒப்பீடு வந்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் ஏழை நாடுகளில் சிகிச்சை தொடங்கிய 4,810 பேரையும், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தொடங்கிய 22,217 பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். சிகிச்சையின் முதல் நாளில் ஏழை நாட்டவரின் இடைநிலை சி.டி.4 108, பணக்கார நாட்டவரின் எண் 234. அதாவது கோடு 200இல் போடப்பட்டிருந்தது, ஆனால் ஆள் வந்து சேர்ந்ததோ 108இல். தொடக்க நிலை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் முதல் மாதத்தில் ஏழை நாட்டவரின் மரண ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. ஓராண்டு நெருங்கும்போது அது ஒன்றரை மடங்காகக் குறைந்துவிட்டது. மாத்திரை இரு இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்தது. முதல் சில மாதங்களைத் தாண்ட முடிந்ததா என்பதில்தான் வேறுபாடு. மருந்தை இலவசமாகக் கொடுத்த மையங்களில் மரணம் வெகுவாகக் குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. கட்டணம் வாங்கிய இடங்களில் மக்கள் பணம் புரட்டும் வரை காத்திருந்தார்கள்.

ஆகவே விதியில் உள்ள எண்ணை மாற்றியது பாதி வேலைதான். பரிசோதனைக்கு வர அச்சமும் வெட்கமும், வந்த பிறகு பல முறை அலைய வேண்டியதும் மற்ற பாதி. முன்பெல்லாம் முதல் நாள் இரத்தம், அடுத்த வாரம் முடிவு, பிறகு மூன்று முறை ஆலோசனை, அதற்கு உறவினர் ஒருவரை அழைத்து வர வேண்டும் என்று வரிசையாக இருந்தது. அன்றாடக் கூலியை இழந்து ஐந்து முறை வந்தவர் ஆறாம் முறை வருவதில்லை. ஹைட்டியில் 703 பேரிடம் நடந்த மற்றொரு ஆய்வு, தொற்று உறுதியான அன்றே மருந்தைக் கையில் கொடுத்தவர்களில் கூடுதலானோர் ஓராண்டுக்குப் பிறகும் சிகிச்சையில் நீடித்ததைக் காட்டியது. 2017இலிருந்து உலக சுகாதார நிறுவனம் ஏழு நாட்களுக்குள் தொடங்க வேண்டும், நோயாளி ஆயத்தமாக இருந்தால் அன்றே தொடங்கலாம் என்கிறது.

தாமதமாக வருவது ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐரோப்பாவில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 350க்குக் கீழே இறங்கிய பிறகே கண்டறியப்படுகிறார்கள். அங்கே அவர்களைக் காப்பாற்றத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. உங்கள் வார்டில் நீங்கள் இருக்கிறீர்கள்.

2024ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி உலகில் 4 கோடியே 8 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள், 3 கோடியே 16 லட்சம் பேர் மருந்து எடுக்கிறார்கள், அந்த ஓராண்டில் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளைத் திடீரென்று நிறுத்தி வைத்தபோது, ஆப்பிரிக்காவில் பல மையங்களில் பரிசோதனைப் பணியும் களப்பணியாளர் வேலையும் முதலில் நின்றன. பிறகு உயிர்காக்கும் மருந்துகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் ஆளைத் தேடிக் கண்டுபிடித்து மையத்துக்கு அழைத்து வருபவர் இல்லாவிட்டால், அலமாரியில் உள்ள மாத்திரை 108இல் வருபவருக்குத்தான் மறுபடி போய்ச் சேரும். இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கேள்வி: எல்லோருக்கும் மருந்து என்றான பிறகு சி.டி.4 பரிசோதனை எதற்கு?

பதில்: மருந்தைத் தொடங்கலாமா என்று முடிவுசெய்ய அது தேவையில்லை. தொடங்கும் நாளில் ஆள் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று அறிய அது கட்டாயம் தேவை. 200க்குக் கீழே இருந்தால் காசநோய்க்கும் கிரிப்டோகாக்கஸுக்கும் உடனே சோதிக்க வேண்டும், பிற தொற்றுகள் வராமல் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் தர வேண்டும். பார்வைக்கு நலமாக நடந்து வருபவரிடமும் எண் 60 ஆக இருக்கலாம். புதிய விதி வந்ததும் பல இடங்களில் இந்தப் பரிசோதனையைக் கைவிட்டார்கள். அது பெரிய பிழை.

கேள்வி: எனக்கு வயது 26. மூன்று வாரத்துக்கு முன் எச்.ஐ.வி. உறுதியானது. சி.டி.4 640. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. பழைய மருந்துகளால் முகம் ஒட்டிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டு தள்ளிப்போட்டால் என்ன?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். ஸ்டார்ட் ஆய்வில் நேர்ந்த கடும் நோய்களில் மூன்றில் இரண்டு பங்கு, சி.டி.4 500க்கு மேல் இருந்தபோதே வந்தவை. உங்கள் 640 உங்களைக் காக்கும் சுவர் அல்ல.

நீங்கள் பார்த்த ஒட்டிய கன்னங்கள் பெரும்பாலும் ஸ்டாவுடின் என்ற மருந்தின் விளைவு. மலிவாகக் கிடைத்ததால், பணக்கார நாடுகள் கைவிட்ட பிறகும் ஏழை நாடுகளில் அதுவே நீண்ட காலம் ஓடியது. கன்னமும் பொட்டும் குழிந்து, கைகால் நரம்புகள் புடைத்து, வழியில் பார்ப்பவரே கண்டுகொள்ளும்படி பலர் ஆனார்கள். அதற்கு அஞ்சியே மருந்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். 2010 முதல் அதைக் கைவிடச் சொல்லியாகிவிட்டது. இன்று பெரும்பாலான நாடுகளில் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒரு முறை. ஏழை நாடுகளுக்கான அதன் விலை 2023இல் ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் ஏழை நாட்டவர் பெறும் மருந்தும் பணக்கார நாட்டவர் பெறும் மருந்தும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிடும். அந்த நிலை நீடிக்கும் வரை உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்று போகாது என்பது 2016இலும் 2019இலும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில் உறுதியாயிற்று. கிருமி கட்டுக்குள் இருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட நேரவில்லை. திருமணம், குழந்தை பற்றியெல்லாம் நீங்கள் கடிதத்தில் கேட்டிருந்ததற்கும் இதுவே பதில்.

தொடங்கும் முன் சிறுநீரகப் பரிசோதனையும் மஞ்சள்காமாலை பி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இருமல், இரவு வியர்வை, எடை குறைவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்க நேர்ந்தால் டொலுடெக்ராவிரை இரு வேளையாக்க வேண்டியிருக்கும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் வயிற்றெரிச்சலுக்கான சில மருந்துகளையும் இதனோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராமல் போகலாம். எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று மருந்து தரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் அந்த வேளைக்கு உரியதை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.